புழுவும் வரலாறும்

கண்டி நகரின் வடபுறத்தே, மாத்தளைக்குச் செல்லும் பாதையை அண்டிக் கிடப்பது மஹய்யாவ. தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு களித்துச் செல்லும் பயணிக்கு இப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. நகரின் தெருக்களைக் கூட்டவும் கழிவுகளை அகற்றவும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நகரம் கண்விழிக்குமுன் அவர்கள் விழிக்கின்றனர். நகரம் தெருவில் இறங்கும்போது தெரு தூய்மையாக இருக்கின்றது. அது எவ்வாறு தூய்மையாயிற்று என்று கேட்போர் சிலரே.

சில மாதங்களுக்கு முன் நாம் கற்பிக்கும் வகுப்பொன்றில் இரு மாணவரிடையே சச்சரவு மூண்டது. அழிறப்பர் ஒன்றைப் பற்றிய அற்பச் சச்சரவுதான். வாய்ப்பேச்சு முற்றியபோது ஒருவன் மற்றவனைப் பார்த்து, “போடா, குப்பைப் புழு!” என்றான். வசைக்கு ஆளானவனின் தந்தை ஒரு துப்புரவுத் தொழிலாளி. வகுப்புச் சிரித்தது. அவன் அழவில்லை, கொப்பியைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டான். வைதவனை நாம் எழுப்பி நிறுத்திக் கண்டித்தோம். “அவன் உன்னைப்போல் ஒரு மனிதன், புழுவல்லன்” என்று தொடங்கிச் சமத்துவத்தைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினோம். ஆசிரியக் கடமை நிறைவேறிவிட்டது என்ற மனநிறைவும் எமக்கு உண்டாயிற்று.

வீடு திரும்பும் வழியிலேதான் அந்த மனநிறைவு கலைந்தது. வசையின் ஒரு பாதியையே நாம் மறுத்திருந்தோம். மனிதனைப் புழு என்பது தவறு என்றோம். புழு என்றால் இழிவு என்னும் மறுபாதியையோ நாமும் வகுப்போடு சேர்ந்து ஏற்றுக்கொண்டுவிட்டோம். கழிவில் வாழ்வது இழிவு, கழிவைத் தொடுவது இழிவு என்னும் எண்ணம் அசையாமல் அப்படியே நின்றது. அது நிற்கும்வரை வசையும் நிற்கும்; சொல் மட்டுமே மாறும்.

அந்த மறுபாதிக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. விடையை விலங்கியல் நூலில் மாத்திரம் தேடினாற் போதாது. வரலாற்றிலும் தேட வேண்டும். ஏனெனில் புழு பூச்சிகளைப் பற்றி நமக்குப் பாடஞ்சொன்ன ஆசான்கள் இருவர். அவை இழிந்தவை என்று கற்பித்தது சாதி. அவை பகைவர் என்று கற்பித்தது தோட்டம். முதலாவது பாடம் மிகப் பழையது. இரண்டாவது இம்மலைநாட்டிலேயே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது.

* * *

இவ்விரு பாடங்களுக்கும் வேறான பார்வையொன்று நம் மொழியில் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கின்றது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையன. நத்தை, சிப்பி போன்றவற்றுக்குச் சுவையும் சேர்ந்து ஈரறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பமும் சேர்ந்து மூவறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையும் சேர்ந்து நாலறிவு. செவியும் உடைய விலங்குகள் ஐந்தறிவின. மனமும் உடைய மக்கள் ஆறறிவினர்.

இன்றைய விஞ்ஞானத்தின் முன் இவ்வகுப்பு அப்படியே நிற்காது என்பது உண்மை. எறும்புகளுட் பல நன்கு காணவல்லன. பூச்சிகளுட் பல ஒலியை உணரவல்லன. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆறு படிகளுள் மூன்று படிகள் முழுமையாக முதுகெலும்பற்ற சிற்றுயிர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அவை எவ்வளவு உணர்கின்றன என்பதே கேள்வி. மனிதனுக்கு அவற்றால் இலாபமா நட்டமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டிலே காதலன் ஒருவன் தன் ஐயத்தைத் தீர்க்கத் தும்பியையே சான்றுக்கு அழைக்கின்றான். பூக்களோடு பழகியவன் எவனோ அவனே மணத்தைப் பற்றிச் சொல்லத் தகுதியுடையவன் என்னும் கருத்து அதிலே தொனிக்கின்றது.

பழைமையைப் போற்றி மயங்குவதற்காக இதனைக் கூறவில்லை. உயிர்களை அறிவால் வகுத்த அதே சமுதாயம் பின்னாளில் மனிதரைப் பிறப்பால் வகுத்தது. கழிவோடு சேர்ந்த வேலையை ஒரு சாராரின் தலையிலே சுமத்தி, அவ்வேலையின் பெயரையே அவர்களுக்கு வசையாகவும் ஆக்கிற்று. கப்பலேறியும் காடு கடந்தும் வந்தபோது நம் மக்கள் கொண்டுவந்த மூட்டைகளுக்குள் அந்தப் பழைய பாடமும் இருந்தது. மஹய்யாவ அதற்குச் சான்று.

* * *

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் கோடரிக்கும் தீக்கும் இரையாயின. மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்க் கூலிகளே அக்காடுகளை வெட்டினர். வழியிலே மாண்டோர் எண்ணற்றோர்.

காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று. நூற்றுக்கணக்கான மரஞ்செடிகள், அவற்றை உண்ணும் ஆயிரக்கணக்கான பூச்சிகள், அப்பூச்சிகளை உண்ணும் வேறு பூச்சிகள், சிலந்திகள், பறவைகள், விழுந்தவற்றையெல்லாம் மண்ணாக்கும் புழுக்கள், கறையான்கள் என ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் நிற்கும் ஒழுங்கு அது. அங்கே எந்த ஓர் இனமும் அளவுக்கு மீறிப் பெருகுவது எளிதன்று. அவ்வொழுங்கை அழித்துவிட்டு, மலை மலையாக ஒரே செடியை நட்டபோது நிகழ்ந்தது என்ன? அச்செடியை உண்ணும் பூச்சிக்கு எல்லையற்ற விருந்து கிடைத்தது. அதனை அடக்கிவைத்த எதிரிகளுக்கோ இருக்க இடமில்லாது போயிற்று. காட்டில் ஓர் உயிராக இருந்தது தோட்டத்திலே பகையாயிற்று. பகையை உண்டாக்கியது பூச்சியின் குணமன்று, பயிரிட்ட முறை.

1840களிலேயே கோப்பிச் செடிகளை ஒருவகைச் செதிற்பூச்சி தாக்கத் தொடங்கிற்று. 1861இல் யோன் நீட்னர் என்னும் ஜெர்மானியர் இலங்கைக் கோப்பி மரத்தின் பகைவரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இம்மலைகளின் பூச்சிகளைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. அதன் தலைப்பிலேயே ‘பகைவர்’ என்ற சொல் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். பூச்சியானது இந்நாட்டின் எழுத்திலே எதிரியாகவே பதிவாயிற்று. இன்றைக்கும் விவசாயத்துறையினர் அவற்றைப் ‘பீடை’ என்றே குறிக்கின்றனர். கிரகதோஷத்துக்கு நம் பாட்டிமார் வழங்கிய சொல் அது!

அந்நூலில் நீட்னர் பெயரிட்டு விவரித்த உயிர்களுள் ஒன்று, இலைகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு சிறு புழு. கோப்பியிலே கண்டமையால் அதன் விஞ்ஞானப் பெயரிலும் கோப்பி இடம்பெற்றது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றிற்று. அது பூச்சியால் வந்ததன்று, ஒரு பூஞ்சணம். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிலே தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. துரைமார் பயிரை மாற்றினர், முறையை மாற்றவில்லை. ஒரே பயிர், மலை மலையாக, முன்போலவே. நீட்னரின் இலைசுருட்டிப் புழுவும் பெயரிலே கோப்பியைச் சுமந்தபடி தேயிலைக்குக் குடிபெயர்ந்தது.

* * *

1892இல் நாவலப்பிட்டிப் பகுதியிலே தேயிலைக் கிளைகளில் ஊசித்துளைகள் காணப்பட்டன. துளைத்தது அரிசி மணியிலும் சிறிய ஒரு கருவண்டு. தோட்டத்து ஏடுகளில் இதைவிடக் கடுமையாகச் சபிக்கப்பட்ட உயிர் வேறில்லை எனலாம். துளைபட்ட கிளை வலுவிழந்து முறிகின்றது, விளைச்சல் குறைகின்றது. ஆனால் அவ்வண்டு உண்மையில் யாது செய்கின்றது?

அது மரத்தைத் தின்பதில்லை. பெண்வண்டு தன் வாயருகேயுள்ள நுண்ணிய பைகளில் ஒரு பூஞ்சணத்தின் வித்துகளைச் சுமந்து வருகின்றது. கிளைக்குள் சுரங்கம் தோண்டி, அச்சுவர்களிலே அவ்வித்துகளை விதைக்கின்றது. வளரும் பூஞ்சணமே அதற்கும் அதன் குஞ்சுப் புழுக்களுக்கும் உணவு. புதிய பெண்வண்டு வீட்டைவிட்டுப் புறப்படும்போது விதைநெல்லை எடுத்துச் செல்லும் குடியானவனைப்போல் வித்துகளைச் சுமந்தே செல்கின்றது. மனிதன் உழவு கற்று ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இவ்வகை வண்டுகளோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக உழவர்! இதனால் அவ்வண்டு தோட்டத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று கூற வரவில்லை. தீங்கு செய்வதையும் அறிந்துகொள்ளத்தான் வேண்டும் என்கின்றோம். சபித்தவனுக்கு வண்டு துளையாக மட்டுமே தோன்றிற்று. கற்றவனுக்கு ஒரு வாழ்க்கைமுறை புலப்பட்டது.

குடியேற்ற ஆட்சியின் விஞ்ஞானிகளுள்ளும் அவ்வாறு கற்றோர் இருந்தனர். கொழும்பிற் பிறந்து பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகக் கடமையாற்றிய எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், தோட்டக்காரர் வெறுத்த செதிற்பூச்சிகளையே ஆராய்ந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக நூல் வெளியிட்டார். பகைவனின் முகத்தை இத்துணைப் பொறுமையோடு வரைந்த கை, பகைமையோடு மட்டும் வரைந்திருக்க முடியாது.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அக்காலத்திலே பெருந்தொல்லையாயிருந்தது நாம் முன்னே கண்ட இலைசுருட்டிப் புழு. அதன் முட்டைக் கூட்டங்களைத் தேடித்தேடிக் கையாற் பொறுக்குவதே வழியென இருந்தது. பொறுக்கிய கைகள் யாருடையவை என்று கூற வேண்டியதில்லை. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தேயிலை மலைகளிலே விடப்பட்டது. மெல்லிய உடலும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட அக்குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. அது இலைசுருட்டிப் புழுவைத் தேடிக் கண்டு, அதன் உடலினுள் முட்டையிடுகின்றது. பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு வளர்ந்து வெளிவருகின்றன. சில ஆண்டுகளுக்குள் இலைசுருட்டி அடங்கிற்று. சம்பளமின்றி, லயமின்றி, கங்காணியின்றி ஒரு படை மலைதோறும் வேலை செய்தது. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கிய முயற்சிகளின் உலக வரலாற்றில் இது புகழ்பெற்ற வெற்றி. 

* * *

வெற்றியின் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உச்சம். இரண்டாம் உலகப் போரை அடுத்துப் புதிய இரசாயன நஞ்சுகள் சந்தைக்கு வந்தன. கிளை துளைக்கும் வண்டை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையுடன் 1950களிலும் 1960களிலும் டீல்ட்ரின் என்னும் நஞ்சு தேயிலை மலைகளிலே தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது உண்மையே. ஆனால் அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் கிளம்பிற்று. அதுவரை பெரிதாகப் பேசப்படாத சுள்ளிப்புழு என்னும் மற்றொரு புழுவும் திரள்திரளாகத் தோன்றிச் செடிகளை மொட்டையாக்கிற்று.

காரணம் என்ன? நஞ்சு பகைவனையும் காவலனையும் பிரித்தறியவில்லை. ஒரு புழுவுக்காகத் தெளிக்கப்பட்ட நஞ்சு, வேறு புழுக்களை அடக்கிவைத்த குளவிகளைக் கொன்றது. உண்பவை எண்ணிக்கையில் என்றும் குறைவு. அவை மீண்டெழுவதற்கு, உண்ணப்படுபவை பெருகுவதைவிட அதிக காலம் வேண்டும். அந்த இடைவெளியில் புழுக்களின் ஆட்சி நடந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இருவரும் சுள்ளிப்புழுப் பெருக்கத்தின் காரணங்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, டீல்ட்ரின் பாவனைக்கும் அப்பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிற்று. ஒரு சிங்களவரும் ஒரு தமிழரும் சேர்ந்து ஒரு புழுவின் வழியே கண்ட உண்மை அது. 1962இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் எழுப்பிய எச்சரிக்கைக் குரலை நம்மிற் பலர் அறிவர். அவ்வெச்சரிக்கையின் மெய்ப்பிப்பு நம் மலைகளிலேயே கிடந்ததை அறிந்தவர் எத்தனைபேர்? பின்னர் 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, உலகெங்கும் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் டீல்ட்ரினையும் சேர்த்தது.

குளவி உழைத்த ஆண்டுகளில் தோட்டக் கணக்கேட்டில் அதன் பெயர் எழுதப்படவில்லை. அது மறைந்தபோதே அது செய்த வேலை தெரியவந்தது. இவ்விதி குளவிக்கு மட்டும் உரியதா? துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களிலேதான் நகரம் அவர்களைக் காண்கின்றது. தேயிலையைப் பறித்தோர் கணக்கேட்டிலே ‘தலை’களாகவும் ‘கைகளாகவும்’ மட்டுமே இடம்பெற்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை அக்கணக்கிலிருந்தும் நீக்கி நாடற்றவராக்கிற்று. எதையும் இலாபத்தின் கண்ணாடியால் மட்டும் நோக்கும் கண்ணுக்கு, உழைப்பு தெரியும், உழைப்பவர் தெரியார்.

* * *

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். “ஐயா, கொசுவையுமா போற்றச் சொல்கிறீர்? குளவி கொட்டிச் சாகும் கொழுந்துபறிக்கும் பெண்களிடம் போய் இதைச் சொல்வீரா?” என்று கேட்கலாம்.

கேட்கத்தான் வேண்டும். 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணற்குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களில் தொடங்கிய கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. நுளம்பு கடித்தது உண்மை. ஆனால் கடிபட்டோருள் மாண்டோர் யார்? பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே பட்டினியில் வாடிய ஏழைக் குடியானவர்களும் அவர்களது குழந்தைகளுமே. அன்று சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோரும் கிராமங்களுக்குள் இறங்கி, மருந்தோடு உணவையும் கொடுத்தனர். பருப்பு வழங்கிய பெரேராவை மக்கள் ‘பருப்பு மகத்தயா’ என்றே அழைத்தனர். நுளம்புக்கு மருந்து கொயினா. பட்டினிக்கு மருந்து பருப்பு. இரண்டையும் ஒருங்கே கண்டதுதான் அவர்களது விஞ்ஞானம்.

போருக்குப் பின் டீ.டீ.ரீ. தெளித்து மலேரியா விரட்டப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதென்று விழிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் பல்லாண்டுக் காலம் நோயாளரைத் தேடிக் கண்டு சிகிச்சையளித்தும், நுளம்பின் வாழ்க்கையைக் கற்று அது பெருகும் இடங்களைக் கண்காணித்தும் உழைத்த பொதுச் சுகாதார ஊழியரின் பொறுமையே 2016இல் இலங்கையை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கச் செய்தது. நஞ்சு துணைசெய்தது, அறிவும் மனித உழைப்பும் வென்றன.

குளவியின் கதையும் அத்தகையதே. மலைநாட்டில் ‘குளவி கொட்டியது’ என்னும்போது, பல வேளைகளில் கொட்டியது உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் பெருந்தேனீ. காட்டு மரங்களினதும் பயிர்களினதும் பூக்களைக் காயாக்கும் உயிர் அது. கூடு இருக்கும் மலைக்கு ஆட்களை அனுப்பாதிருப்பதும், காப்பு உடை கொடுப்பதும், வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வாகனம் வைத்திருப்பதும் நிருவாகத்தின் கடமை. அவற்றைச் செய்யாமல், பழியைத் தேனீயின் மேலும் துயரைப் பெண்ணின் மேலும் சுமத்துவது எளிது. பூச்சியை மதிப்பதென்றால் தொழிலாளியை அதற்கு இரையாக்குவது என்பதல்ல பொருள்.

அவ்வாறே, மண்ணுக்கு நன்மை என்ற பெயரில் மேலிருந்து இறக்கும் ஆணையும் பயன்தராது. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டன. மாற்று உரமில்லை, ஆயத்தமில்லை, உழவனைக் கேட்டாருமில்லை. வயல்களும் தேயிலை மலைகளும் தளர்ந்தன. நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மண்ணிலுள்ள உயிர்களை மீட்டெடுப்பது பல பருவங்களின் வேலை. வர்த்தமானிப் பத்திரிகையின் வேலையன்று.

* * *

இனி நம் மாணவனின் வசைக்கே திரும்புவோம். குப்பைப் புழு என்றானே, அப்புழுக்கள் இல்லாத நாடு எப்படியிருக்கும்? இதற்கு வரலாறு விடை வைத்திருக்கின்றது.

1788இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிற் குடியேறியபோது மாடுகளையும் கொண்டுசென்றனர். அந்நாட்டுச் சாணிவண்டுகள் கங்காரு முதலியவற்றின் உலர்ந்த சிறு சாணத்துக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவற்றுட் பெரும்பாலானவை நாடவில்லை. மாடுகள் பெருகப் பெருக, சாணம் மட்காமல் மேய்ச்சல் நிலமெங்கும் காய்ந்து கிடந்தது. அதன் கீழ் புல் முளைக்கவில்லை; அதில் ஈக்கள் கோடி கோடியாகப் பெருகின. ஹங்கேரியிலிருந்து அங்கே குடியேறிய ஜோர்ஜ் போர்னமிசா என்னும் விஞ்ஞானி, குறைவது சாணிவண்டே என்று கண்டார். 1965 முதல் 1985 வரை அவரும் அவர்தம் தோழரும் ஆபிரிக்காவிலும் பிற நாடுகளிலுமிருந்து வண்டுகளைக் கொணர்ந்தனர். இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே நிலைபெற்றன. வல்லரசின் விஞ்ஞானமும் செல்வமும் ஒரு துப்புரவுத் தொழிலாளியைத் தேடிக் கடல்கடந்து சென்ற கதை அது!

சார்ள்ஸ் டார்வின் தம் இறுதி நூலை 1881இல் வெளியிட்டார். அதன் பொருள் மண்புழு. பல நிலங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணை மண்புழுக்கள் தம் உடல்வழியே செலுத்தி மேலே கொணர்கின்றன என்று அவர் கணித்தார். உயிர்களின் தோற்றத்தையே விளக்கிய பேரறிஞன், தன் வாழ்வின் கடைசி ஆண்டுகளை ஒரு புழுவுக்கு ஒதுக்கியதை நம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

தும்பறையிலும் மாத்தளையிலும் விளையும் கொக்கோவைக் காயாக்குவது தேனீயன்று. உதிர்ந்து அழுகும் இலைகளிடையே வளரும், மிகச் சிறிய ஒருவகைக் கொசு. குப்பையை முற்றாகக் கூட்டித் தீவைத்த தோட்டத்திலே காய் குறையும். மலேசியாவில் செம்பனைப் பூக்களுக்கு ஒருகாலத்தில் தொழிலாளர் மரத்துக்கு மரம் சென்று கையால் மகரந்தம் தூவினர். தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழரும் அவர்களுள் அடங்குவர். ஆபிரிக்காவில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று கண்டு, 1981இல் அதைக் கொணர்ந்து விட்டனர்; காய்த்தல் பெருகிற்று, கம்பனிகளின் செலவு குறைந்தது. வண்டு உழைத்தது, இலாபம் கம்பனிக்குச் சென்றது. கைவேலையை இழந்த தொழிலாளிக்கு அந்த இலாபத்தில் எவ்வளவு பங்கு என்ற கேள்வியைக் கணக்கேடு கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

மனிதரைப் பூச்சிகளோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. வண்டுக்குச் சம்பளம் வேண்டாம், கையுறை வேண்டாம், பிள்ளையின் படிப்பைப் பற்றிய கவலை இல்லை. கழிவை மண்ணாக்கும் வேலைக்கென்றே அதன் உடல் அமைந்தது. எந்த மனிதனும் அவ்வேலைக்கென்று பிறக்கவில்லை. அது சமுதாயம் அவன்மேல் சுமத்திய வேலை. ஆகவே அதற்குரிய கூலியும் காப்பும் வீடும் மரியாதையும் சமுதாயத்தின் கடன். அவன் பிள்ளை விரும்பினால் வேறு தொழிலுக்குச் செல்லும் வழியும் அக்கடனில் அடங்கும். கண்டியின் குப்பை பல்லாண்டுகளாக மகாவலிக் கரையருகே கொஹாகொடையிற் குவிக்கப்பட்டு வந்தது. கறிக்கழிவோடு கண்ணாடியையும் பொலித்தீனையும் கலந்து எறியும் நகரவாசி, புழுவின் வேலையையும் கெடுக்கின்றான். தொழிலாளியின் கையையும் கிழிக்கின்றான். இயற்கையின் ஒழுங்கை அறியாமையும் உழைப்பவனை மதியாமையும் ஒரே வாளியிலே சேர்ந்து கிடக்கின்றன.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகளில் வளவுக்குப் பஞ்சமில்லை. வளவின் மூலையில் ஒரு மட்குக் குழி வெட்ட மண்வெட்டி ஒன்றே போதும். மாணவர் ஒவ்வொரு வாரமும் அதைக் கிளறி, அங்கே காண்பனவற்றை ஒரு கொப்பியில் எழுதட்டும்: மண்புழு, மரவட்டை, கறையான், எறும்பு, வண்டின் புழு, சிலந்தி. பெயர் தெரியாதவற்றுக்குப் படம் வரையட்டும். பக்கத்திலேயே, பாடசாலையைத் தூய்மையாக வைத்திருப்போரின் பெயர்களையும் எழுதட்டும். விலங்கியலும் வரலாறும் குடியியலும் அக்கொப்பியிலே ஒன்றாகும்.

நாமும் ஒரு குழி வெட்டினோம். வைதவனும் வையப்பட்டவனும் ஒரே குழுவில் இருந்தனர். முதல் வாரம் வைதவன் குழிக்கு அருகே வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றான். மற்றவன் மண்ணைக் கிளறி, ஒரு மண்புழுவை உள்ளங்கையிலே ஏந்தி, அதன் உடலிலுள்ள வளையங்களை எண்ணத் தொடங்கினான். மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கையிலே இருவருக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது, சச்சரவு மூண்டது. இம்முறை நாம் குறுக்கிடவில்லை.